அழகு சரி... வெளிச்சம் எங்கே?

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? அப்படியானால் கடையில் கொடுத்த ஷேட் கார்டில் ஒரு நிறம் உங்கள் கண்ணைப் பிடித்திருக்கும். கருநீலமும் சாம்பலும் கலந்த, மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஒரு நிறம். சும்மா சொல்லக்கூடாது, அழகான நிறம்தான். ‘அழுக்கே தெரியாது சார்’ என்று கடைக்காரரும் ஆசையைக் கிளப்பிவிட்டிருப்பார்.

ஆனால், அறையின் நாலு சுவருக்கும் அதையே அடிப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்!

வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவிகிதத்தை அறைக்கே திருப்பித் தந்துவிடும். இந்த அடர்நிறம் தருவது ஏறக்குறைய 10 சதவிகிதம்தான். மிச்சத்தைச் சுவரே விழுங்கிவிடும். படங்களில் இந்த நிறம் ஜொலிக்கிறதே என்பீர்கள். அந்த அறைகளுக்கு ஆளுயர ஜன்னல் இருக்கும். நம் ஃபிளாட்டிலோ ஒரே ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்!

இதில் கஷ்டப்படுவது யார்? வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டிதான். 20 வயதுக்காரரின் விழித்திரைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. கண்புரையும் இருந்தால் இன்னும் குறைவு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். எரிவது ஒரு சின்ன விடிவிளக்கு. அந்த வெளிச்சத்தையும் சுவர் விழுங்கிவிட்டால், கால் இடறாமல் என்ன செய்யும்? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி பழையபடி நடப்பதே பெரும்பாடு.

கொசுவையும் மறக்காதீர்கள். இருண்ட மூலை தேடி ஒதுங்குவது அதன் சுபாவம். கறுத்த சுவரில் உட்கார்ந்த கொசு உங்கள் கண்ணிலும் படாது, கையிலும் சிக்காது.

அப்போ இந்த நிறமே கூடாதா? தாராளமாக அடியுங்கள், ஒரே ஒரு சுவருக்கு! கட்டிலின் தலைமாட்டுச் சுவர் பொருத்தமான இடம். மற்ற மூன்று சுவரும் மேல்தளமும் வெள்ளையாக இருக்கட்டும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவர் மட்டும் வேண்டாம். வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவதே அதுதான்.

பெரியவர்களுக்கு உதவியாகவும் இதே நிறத்தைப் பயன்படுத்தலாம். வெள்ளைச் சுவரில் பாத்ரூம் கதவுக்கு மட்டும் இதை அடித்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்திலும் கதவு எங்கே என்று பளிச்சென்று தெரியும்.

டப்பா டப்பாவாக வாங்குவதற்கு முன், சுவரில் ரெண்டடிக்கு ரெண்டடி அடித்து, காலை, மத்தியானம், விளக்கு வைத்த பிறகு என மூன்று வேளையும் பாருங்கள்.

விருந்தாளி வந்து அரை மணி நேரம் ரசித்துவிட்டுப் போய்விடுவார். அந்த அறையில் நாள் முழுக்க இருக்கப்போவது யாரோ, அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறத்தை முடிவு பண்ணுங்கள்!