டெய்லரைத் திட்டினால் சரக்கு சீக்கிரம் போகுமா?

திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போனால் முதல் திட்டு டெய்லருக்குத்தான். "ஆளுங்க எங்கீங்க வேலை செய்யறாங்க, செல்போனைத்தான் நோண்டறாங்க" என்பார் முதலாளி. கேமரா மாட்டுவார்கள். மணிக்கொரு தரம் பீஸ் கணக்கு போர்டில் ஏறும். அடுத்த ஆர்டரும் தள்ளிப்போகும். தாமதம் என்றால் எவரோ சோம்பியிருக்கிறார் என்ற நம்பிக்கை தாலுகா ஆபீஸிலும் உண்டு, சாஃப்ட்வேர் கம்பெனியிலும் உண்டு. அது எவ்வளவு பெரிய அபத்தம் என்பதைப் பனியன் கம்பெனியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு டி-ஷர்ட்டின் மேல் ஓவர்லாக்கிலும் ஃப்ளாட்லாக்கிலும் செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் கை படுகிற நேரம் நிமிடக் கணக்குதான். ஆர்டர் முடிவதோ வாரக் கணக்கில், சமயத்தில் மாதக் கணக்கில். மீதி நேரமெல்லாம் துணி சும்மா கிடக்கிறது. லேப் டிப்புக்கு (நிறம் பார்க்கச் சாயமேற்றிய மாதிரித் துணிக்கு) பையர் ஓகே சொல்லவில்லை, சாயப்பட்டறையில் முறை வரவில்லை, லேபிள் வரவில்லை. இதில் எந்தக் காத்திருப்பை டெய்லர் உண்டாக்கினார்?

கட்டிங் மேசை மேல் ஒரு நீளமான பிரவுன் பேப்பரை விரித்து, மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், சாயப்பட்டறைக்கு அலைகிறவர், லைன் சூப்பர்வைசர், டெய்லர், செக்கிங் அக்கா எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, போன ஆர்டர் எப்படிப் போனது என்று வரையச் சொன்னால் என்ன வெளிவரும்? பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கதை. லைன் நின்றது, கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி வராததால். ரிப் வந்தது, ஆனால் பாடித் துணியோடு ஷேடு சேரவில்லை. திரும்பச் சாயத்துக்குப் போனது. ஏன் சேரவில்லை? இரண்டையும் ஒரே லாட்டில் போடவில்லை. ஏன்? கழுத்து அளவுக்கு பையர் ஒப்புதல் வராததால் மெர்ச்சண்டைசர் ரிப் கிலோவை நிறுத்தி வைத்தார். "பாடியாவது முன்னால போகட்டும்" என்று மேலே சொல்லிவிட்டார்கள். இதற்கு நடுவே கட்டிங் மாஸ்டர் வெட்டிக் குவித்துக்கொண்டே இருந்தார், தினமும் அவரிடம் கேட்பது கட்டிங் பீஸ் கணக்கு ஒன்றைத்தானே. எல்லோரும் மும்முரமாக வேலை பார்த்தார்கள். சரக்கு தாமதமானது.

குவித்ததன் விலைக்கும் கணக்கு இருக்கிறது. கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் 6,000 பீஸ் கிடக்கிறது, நாளுக்கு 1,000 பீஸ் வெளியே போகிறது என்றால், ஒரு பீஸ் வெளியேற சராசரியாக 6 நாள். அவசரப்பட்டு வெட்டி 9,000 ஆக்கினால் 9 நாள். 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்துக் கொடுத்த சமன்பாடு இது. கட்டிங் வேகமாக ஆக, ஆர்டர் மெதுவாகிறது.

வேலையைப் படமாக வரைவது ஒன்றும் புதிதல்ல. 1921இலேயே கில்பிரெத் தம்பதியர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் இந்த முறையை முன்வைத்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு டெய்லர் (நம்ம தையல் டெய்லர் அல்ல, ஃபிரடெரிக் டெய்லர்) யோசிப்பது நிர்வாகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று எழுதிவைத்துவிட்டார். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. அதனால்தான் மேனேஜர் ஏசி அறையில் தனியாக உட்கார்ந்து அம்புக்குறி போட்ட படம் வரைந்து, ஆடிட்டுக்காகச் சுவரில் மாட்டுகிறார். அந்தப் படத்தில் ரிப் என்றுமே நேரத்துக்கு வந்துவிடும்! டொயோட்டா வழிமுறையை வைத்து 1998இல் புத்தகம் எழுதிய ரோதரும் ஷூக்கும் சொன்னது நேர்மாறு: தளத்துக்குப் போ, சரக்கு வெளியேறுகிற முனையிலிருந்து பின்னோக்கி நட, பென்சிலால் வரை.

இப்படி எல்லோரும் கூடி வரைவதற்காக நாலு மணி நேரம் லைனை நிறுத்தினால் உற்பத்தி என்னாவது என்று கேட்பார்கள். ரிப்புக்காக நின்ற நாட்களில் என்ன ஆனதோ அதைவிடக் குறைவுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் தாமதமாவதும் உண்மைதான். அதையும் பேப்பரில் எழுதுங்கள். ஆனால் "இது யார் தப்பு?" என்று முதலாளி ஒருமுறை வாய் திறந்தால் போதும், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

செக்கிங் அக்காவை முதலில் பேசவிடுங்கள். முன்னால் நடந்த எல்லாக் கோளாறும் அவர் கையில்தான் வந்து சேர்கிறது. பீஸ் ரேட்டில் இருக்கிறவர்களைக் கூப்பிடுவதானால் அந்த நேரத்துக்கான கூலியையும் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.