முகாமுக்குத் திடல் விதி. தோட்டத்துக்கு மட்டும் தயவா?

பத்தாங் பெர்ஜுந்தாய் – 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியபோதும், மக்கள் வாயில் இவ்வூர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடியதை இவ்வட்டாரம் நன்கறியும்.

அந்தப் போராட்டத்தில் வீடே முதலிடம் பெற்றது. அது நியாயமும்கூட. ஆனால் தோட்டம் கைமாறும்போது லயத்தோடு சேர்ந்து திடலும் மண்டபமும் போகின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு குறைவு. விளையாட்டும் பொழுதுபோக்கும் வசதி உள்ளவர்களுக்கு உரியவை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போனதே காரணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைப் பிரிட்டிஷ் ராணுவ முகாம்களின் வரலாறு காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு முகாமில் கிடைத்த முக்கியப் பொழுதுபோக்கு மதுக்கடைதான். வெயில் நேரம் முழுவதும் வேலையின்றி முடங்கிக் கிடந்தவர்கள் குடித்தார்கள், நோயில் விழுந்தார்கள். இந்தியாவில் ராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. அதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரைமியப் போரின்போதே காயம்பட்ட வீரர்களுக்கு வாசிப்பு அறை திறந்தவர் அவர். சுத்தமான தண்ணீர், காற்றோட்டமான குடியிருப்பு ஆகியவற்றோடு, வாசிப்பு அறை, பட்டறை, உடற்பயிற்சி இடம் ஆகியவையும் வீரனின் உடல்நலத்துக்குத் தேவை என்று அவர் வலியுறுத்தினார்.

அதன்பின் முகாம் பொழுதுபோக்கு படிப்படியாக முறைப்படுத்தப்பட்டது. 1921இல் படைவீரர்களுக்கான உணவகம், கடை, கேளிக்கை ஆகியவற்றை நடத்த ‘நாஃபி’ என்ற அமைப்பு இயங்கத் தொடங்கியது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ‘நாஃபி’ உணவகங்கள் இங்குள்ள முகாம்களிலும் இருந்தன. காட்டில் ரோந்து முடித்து வந்த வீரர்கள் விடுப்பில் தங்குவதற்குப் பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் கடலோரமாக ‘சேண்டிகிராஃப்ட்’ விடுதி இருந்தது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு எதிரே, நீச்சல் குளத்தோடு ‘பிரிட்டானியா கிளப்’ இருந்தது.

இதே காலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது? 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு, முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. ஊரடங்கு வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. பால்மரம் சீவப் போகிறவர் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை இருந்தது. தகவல் இலாகாவின் வண்டி எப்போதாவது வந்து திரை கட்டிப் படம் காட்டியது. அதிலும் அரசாங்கப் பிரச்சாரம் கலந்தே இருந்தது.

மற்றபடி தொழிலாளிக்கு நிரந்தரமாக இருந்தது கள்ளுக்கடை. பல தோட்டங்களில் அதை நடத்தியது நிர்வாகமே. கள் விற்ற லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவழிப்பது அன்றைய ஏற்பாடு. அதாவது, தொழிலாளி குடித்த காசில்தான் அவருக்கு நலன் செய்யப்பட்டது. சிப்பாயைக் குடியிலிருந்து மீட்க வாசிப்பு அறை திறந்த அதே ஆட்சி, தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுத்தது.

தொழிலாளர்கள் இதை உணராமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருந்தன. வேலை முடிந்த பிறகான நேரத்துக்கும் மானம் கேட்ட போராட்டம் அது. அதை அடக்கப் படை வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். முன்னின்ற ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளில் சமூக மண்டபம், விளையாட்டுக்குத் திறந்தவெளி போன்ற வசதிகளை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அது முதலாளி–தொழிலாளி உறவைச் சார்ந்தது. தோட்டம் விற்கப்பட்டு வேலை முடிந்தால், அந்தக் கடமையும் முடிந்துவிடுகிறது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயரும் குடும்பத்தின் பிள்ளைக்கு, அப்பா பந்து விளையாடிய திடலுக்கு ஈடாக வாகன நிறுத்துமிடம்தான் மிஞ்சுகிறது. அந்த மாலை நேரத்தை யார், எது நிரப்புகிறது என்பது பெற்றோர் பலருக்கும் தெரிந்த கவலை.

ராணுவம் போன பிறகும் அதன் இடங்கள் வீணாகவில்லை. பினாங்கின் மிண்டன் முகாம் இன்று அறிவியல் பல்கலைக்கழகம். ‘சேண்டிகிராஃப்ட்’ இருந்த இடத்தில் ஓர் அனைத்துலகப் பள்ளி நடக்கிறது. பல தோட்டத் திடல்களுக்கு அந்த மறுவாழ்வு வாய்க்கவில்லை. அவை நிறுவனத்தின் நிலக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. மக்கள் பெயரில் ஒதுக்கப்பட்டவை அல்ல.

புதிய வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காட்டு நிலம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பது நாட்டின் நகர் ஊரமைப்பு வழிகாட்டி. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கான திட்ட வரைபடம் மேசைக்கு வரும்போது, வீட்டின் சதுர அடியைக் கேட்கும் அதே குரலில் திடல் எங்கே, மண்டபம் எங்கே, அவை யார் பெயரில் பதிவாகும் என்றும் கேட்க வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகு கேட்டால், அந்த நிலம் வேறொன்றுக்குப் போயிருக்கும்.