துளை சிறிது; நோவு?

வயிற்றைக் கிழிக்காமல் அதன் உட்புறத்தைக் காணும் கலை நூறாண்டைக் கடந்துவிட்டது. 1901ஆம் ஆண்டில் கெல்லிங்கு என்னும் செருமானிய மருத்துவர் ஒரு நாயின் வயிற்றினுள் வளியேற்றி, குழல்நோக்கி ஒன்றைச் செருகி, உள்ளுறுப்புகளைக் கண்டார். மாந்தர்க்கு அது பயன்பட்டது அதன் பின்னரே. விலங்கின் உடலிற் கற்ற அக்கலை விலங்கினிடமே திரும்பியபோது அதற்கு நன்மையாயிற்றா? செம்மறியாட்டைப் பார்த்தால் ஆம் என்று உடனே சொல்ல நா எழவில்லை.

செம்மறியின் கருப்பைக் கழுத்து நேரான வழியன்று. மடிப்பு மடிப்பாய் வளைந்து, செருகுகுழலைத் தடுத்து நிறுத்துவது. உறைய வைத்து உருக்கிய விந்தின் உயிரணுக்களோ வலுக்குன்றியவை. அவ்வழியை அவை எளிதிற் கடவா. ஆகலின், 1982இல் ஆத்திரேலிய ஆய்வாளர்களான கில்லீனும் காபரியும் வயிற்றில் இரு சிறுதுளையிட்டு, ஒன்றின்வழி நோக்கியபடியே மற்றொன்றின்வழி கருப்பைக் கொம்புகளில் நேரே விந்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். ஓர் ஆட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி உயிரணுக்களே போதுமாதலின், ஒரு கிடாவின் ஒருமுறை விந்து பல பெட்டைகளுக்குப் பங்காகிறது. மெரினோக் கிடா வளர்ப்போர் இம்முறையை விரும்பியதற்கு வேறு கரணியம் தேடவேண்டுவதில்லை.

இனி அந்தப் பெட்டையாட்டின் பக்கம் நின்று பார்க்க. முன்னாளிலேயே அதற்குத் தீனி நிறுத்தப்படுகிறது. பின்னர்த் தொட்டிற் சட்டமொன்றில் மல்லாத்திக் காலைப் பிணித்துத் தலைகீழாய்ச் சாய்க்கின்றனர். அசைபோடும் விலங்குக்கு இதனினும் ஒவ்வாத கிடை உண்டோ? பெருவயிறு முழுதும் மூச்சுப்பை மேல் அழுந்துகிறது. போதாக்குறைக்கு வயிற்றினுள் கரியமில வளியும் ஏற்றப்படுகிறது. எதுக்களித்த இரைநீர் மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் உயிருக்கே இடர்.

சில மணித்துளிகளில் முடிவதன்றோ, முன்னர்போல் வயிற்றை அகலக் கீறுவதினும் இது மேலன்றோ என்பர். மேல்தான், புண் சிறிது, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைவு. எனினும், துளை சிறிதாயிருப்பதைக் காட்டியே நோவும் சிறிதென்று முடிவு கட்டுவது ஏற்கத்தக்கதன்று. துளையிடும் இடத்தில் மரப்பூசி போட்டாலும் அம்மரப்பு ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். அதன்பின் ஆடு மேய்கிறதே என்பது சான்றாகாது. வேட்டை விலங்குக்கு அஞ்சி வாழ்ந்த இனம் நோவை மறைத்தே பழகியது.

கறவை மாட்டுக்கு வாய்த்தது வேறு. கன்று ஈன்ற சின்னாட்களில் அதன் நான்காம் இரைப்பை வளியால் உப்பி இடப்புறம் மேலேறிவிடுவதுண்டு. 1998இல் செருமனியின் யானோவிட்சு, குழல்நோக்கியின் துணையால் அவ்விரைப்பையின் வளியை இறக்கி, நூல்கட்டி அடிவயிற்றோடு பிணைக்கும் முறையைத் தந்தார். அதில் மாட்டை ஒருமுறை மல்லாத்தவேண்டியிருந்தது. பின்வந்தோர் அதனையும் நீக்கி, நின்ற நிலையிலேயே முடிக்கும் முறை கண்டனர். இங்கே அறுவை மாட்டின் நோய்க்கு. ஆட்டிலோ நோயே இல்லை. உடையவனின் ஊதியத்துக்காக நலமுள்ள உடல் துளைக்கப்படுகிறது. அங்ஙனமாயின் நோவு தணிப்பதில் மாட்டினும் ஆட்டுக்கே மிகுதியான கடப்பாடு உண்டு. நீடித்து நோவு தணிக்கும் மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் ஆத்திரேலியச் செம்மறிகளுக்கு இன்று கிடைக்கின்றன. துளையிட்ட ஒவ்வோர் ஆட்டுக்கும் அதனைக் கட்டாயமாக்குவதில் என்ன தடை?

நோர்வே நாட்டு உழவர்கள் உறைவித்த விந்தைத் துளையேதுமின்றிப் பிறப்புறுப்பு வழியாகத் தாமே செலுத்தி நல்ல சினைப்பேறு காண்கின்றனர். அந்நாட்டினத்துக்கு ஒத்துவருவது மெரினோவுக்கு அவ்வாறே ஒத்துவராது என்பது மெய்தான். ஆயினும், துளையிடும் கருவியைச் செப்பஞ்செய்யச் செலவிட்ட அறிவில் ஒரு பங்கேனும் துளையே வேண்டாத வழியைத் தேடச் செலவாகலாம்.