பீரோவுக்குக் காப்பீடு உண்டு

புணேயில் வீடு மாற்றுகிறவரிடம் ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ ஆட்கள் தருகிற மதிப்பீட்டுச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும். நடுவில் ‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ என்று ஒரு வரி. சாமான்களின் மதிப்பைச் சொன்னால் அதில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுத் தருவார்கள். டிவி உடைந்தால், பீரோவில் கீறல் விழுந்தால் இழப்பீடு கேட்கலாம். அந்தப் பீரோவோடு மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் இடறி விழுகிறவருக்காக அந்தச் சீட்டில் ஒரு வரியும் கிடையாது. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை.

மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தம் என்றாலே பெரும்பாலும் பதினொரு மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’தான். அது முடிந்தால் வாடகை கூடும், அல்லது வீட்டுக்காரருக்கு வீடு தேவைப்படும், அல்லது வேலை ஹிஞ்சவடியிலிருந்து கராடிக்கு மாறியிருக்கும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போய் வாகட், பானேர் பக்கம் குடியேறிய நம் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன கதை. ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நிற்பது ஒரு டெம்போவும் மூன்று நான்கு பேரும். சின்னக் குடும்பம் என்றால் டாடா ஏஸ். 2005இல் சந்தைக்கு வந்த அந்த வண்டியை அங்கே ‘சோட்டா ஹத்தி’ என்கிறார்கள், நாம் ‘குட்டி யானை’ என்கிறோம். பெயர்தான் யானை, படியேறுவது அந்த நான்கு பேர்.

அவர்கள் எதைத் தூக்குகிறார்கள்? முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் ஒன்று 60, 70 கிலோ வரும். டிரம் சுழலும்போது மெஷின் இடம்விட்டு நகராமலிருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜும் அந்த எடையை நெருங்கும். இரும்பு பீரோ இரண்டையும் மிஞ்சக்கூடும். இருவர் பிடித்தால் ஆளுக்குப் பாதி என்பது சமதளக் கணக்கு. படியில் பொருள் சாய்ந்த கணமே பளுவின் பெரும்பகுதி கீழே நிற்பவர் மேல் இறங்கிவிடும். இறங்கும்போது அந்தக் கீழ் ஆள்தான் பின்புறமாக நடக்கிறார். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவர் பாதத்தால் துழாவித்தான் அறிய வேண்டும். திருப்பத்தில் உடம்பை முறுக்க வேண்டும். குனிவது, முறுக்குவது, சுமப்பது மூன்றும் ஒன்றாகச் சேர்வதைத்தான் முதுகுத்தண்டு மருத்துவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி எழுதிய கணக்கின்படி, பொருள் உடம்போடு ஒட்டி, நல்ல பிடியோடு, முறுக்கல் ஏதுமின்றித் தூக்கினாலும் 23 கிலோதான் தொடக்க வரம்பு. கை நீண்டால், உடம்பு திரும்பினால் அது குறைந்துகொண்டே போகும். நம் படிக்கட்டுகளுக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் விடை என்ன வரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் முதுகு ஒரே நாளில் போவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் காலையில் எழ முடியாமல் போகும். அன்றைக்கு அவர் எந்த முதலாளியிடமும் வேலையில் இருக்கமாட்டார். எனவே அது எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது.

இங்கே நமக்கு ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்ட கற்கள் அவை. அவற்றின் உயரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், இன்னொருவர் கை கொடுக்கவும் வேண்டாம், அப்படியே கல்மேல் சரித்துவிட்டு நிமிரலாம், பிறகு அதே உயரத்திலிருந்து தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வழிப்போக்கரின் கழுத்தையும் இடுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஊர் செய்த ஏற்பாடு அது.

இன்றைய அடுக்குமாடிச் சங்கங்கள் செய்திருக்கும் ஏற்பாடோ வேறு. ‘பாசஞ்சர் லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது’ என்ற பலகையைப் புணேயிலும் பார்க்கலாம், நம் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பார்க்கலாம். புதிய கோபுரங்களில் தனி சர்வீஸ் லிஃப்ட் உண்டு. ஒற்றை லிஃப்ட் உள்ள நான்கு மாடி, ஏழு மாடிக் கட்டடங்களில் அந்தப் பலகையின் பொருள் ஒன்றுதான்: படியேறு. லிஃப்டின் உட்சுவரில் கீறல் விழும், பழுதானால் செலவு என்பது சங்கத்தின் நியாயம். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் உட்சுவருக்கு ஒரு துணித்திரை கட்டினால் தீர்ந்துபோகிற கவலை அது. சனிவார் பேட், சதாசிவ் பேட் போன்ற பழைய பேட்டைகளில் இருக்கும் ‘வாடா’ எனும் பழங்கால வீடுகளின் குறுகலான மரப்படிகளில் பீரோ நுழையாது. பால்கனியிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். கீழே தெருவில் ஆள் நடந்துகொண்டிருப்பார்.

பள்ளிகள் ஜூனில் திறப்பதால் வீடு மாற்றும் கூட்டம் ஏப்ரலிலும் மேயிலும்தான் நெரியும். புணேயில் வெயில் 40 டிகிரியைத் தொடும் காலம் அது. பிந்தியவர்களுக்கு மழையும் சேற்றுக்காலும் ஈரப்படியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று மத்தியச் சட்டங்களை ஒன்றாக்கிய அது, பணி நியமனக் கடிதம் தரச் சொல்கிறது, ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனையும் பேசுகிறது. ஆனால் பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. டெம்போ உரிமையாளரிடம் நான்கு பேர். அவர்களிலும் இருவர் அன்று காலை ‘மஜூர் அட்டா’வில் கூலிக்குக் காத்திருந்தவர்கள். பெரிய பெயர்ப்பலகை போட்ட நிறுவனத்தை அழைத்தாலும் வேலை உள்குத்தகையாக இந்த டெம்போவுக்கே வந்து சேரக்கூடும். பத்து என்ற எண்ணை யாரும் தொடவேண்டியதில்லை.

இது வேறு நகரமாக இருந்தால் இத்துடன் பெருமூச்சு விட்டு நிறுத்தியிருப்போம். புணேயில் அப்படி நிறுத்த முடியாது. ஆயுர்வேத மருத்துவராகத் தொடங்கிய பாபா ஆடாவ், 1950களில் சந்தைச் சுமைதூக்கிகளைத் திரட்டி ஹமால் பஞ்சாயத்தை உருவாக்கியது இந்த ஊரில்தான். அன்று அவர்கள் முதுகில் ஏறியவை நூறு கிலோ மூட்டைகள். அவர்களுக்கு மலிவு விலையில் சாப்பாடு கொடுக்க 1974இல் தொடங்கிய ‘கஷ்டாச்சி பாகர்’, உழைப்பின் ரொட்டி என்று பொருள், புணேக்காரர்கள் அறிந்த பெயர். தொண்ணூற்றைந்து வயதில் அவர் 2025 டிசம்பர் 8 அன்று காலமானார்; புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

புணேயில் ஆடாவும் மும்பையில் அண்ணாசாகேப் பாட்டீலும் நடத்திய போராட்டங்களின் பின்னணியில்தான் 1969இல் மகாராஷ்டிர மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் வந்தது. ‘மாத்தா’ என்றால் தலை. தலையில் சுமப்பவர் மாத்தாடி. இந்தச் சட்டத்தின் சூட்சுமம் எளிமையானது. யார் முதலாளி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்றது. தொழிலாளியும் அவரை வேலைக்கு அழைப்பவரும் ஒரு வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கூலியை வாரியத்தில் கட்ட வேண்டும், அதன்மேல் ஒரு தீர்வையும் கட்ட வேண்டும். வாரியம் கூலியைப் பட்டுவாடா செய்யும். தீர்வையிலிருந்து வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், மருத்துவம் எல்லாம் நடக்கும். பத்து முதலாளிகளுக்கு மாறி மாறித் தூக்கினாலும் தொழிலாளியின் கணக்கு ஒன்றுதான். சட்டத்தின் அட்டவணையில் சந்தைகள் மட்டுமல்ல, போக்குவரத்து வாகனங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையும் இருக்கிறது. புதிய மத்தியத் தொகுப்பு இந்த மாநிலச் சட்டத்தை நீக்கவும் இல்லை. ஆக, குல்டேக்டி மார்க்கெட் யார்டில் வெங்காய மூட்டை இறக்குபவருக்கு ஒரு வாரியம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஐந்தாவது மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏற்றுபவர் நடைமுறையில் அநாதை.

நாம் சொல்வது இதுதான்: வீட்டுச்சாமான் இடமாற்ற வேலையைப் பெயர் சொல்லி மாத்தாடி வாரியத்தின் கீழ் கொண்டுவாருங்கள், அதைச் செயல்படுத்தும் இடமாகக் குடியிருப்புச் சங்கத்தின் வாசலை வையுங்கள்.

ஏன் வாசல்? ஊரெங்கும் சுற்றும் டெம்போக்களைத் துரத்திப் பிடிக்கத் தொழிலாளர் துறையில் ஆள் கிடையாது. ஆனால் பெரும்பாலான சங்கங்களில் காவலாளி வண்டி எண்ணைக் குறிக்காமல் எந்தச் சாமானும் உள்ளே போகாது, வெளியே வராது. தடையில்லாச் சான்று, முன்பணம், இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று இப்போதே அங்கே ஒரு குட்டி அரசாங்கம் நடக்கிறது. அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போதும்: வேலைக்கு வருபவர்களின் வாரியப் பதிவு எண், விபத்துக் காப்பீட்டு எண். கூடவே, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் அதற்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளையும் படி வழியே தூக்கவைக்கக் கூடாது என்ற விதி. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1960இன் 79ஏ பிரிவு, பொதுநலன் கருதிச் சங்கங்களுக்குக் கட்டளையிட மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கட்டட மறுசீரமைப்புக்கு 2009இலும் 2019இலும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தினார்கள். செங்கல்லுக்குப் பயன்பட்ட பிரிவு முதுகெலும்புக்கும் பயன்படும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். மாத்தாடி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று புணே அருகிலுள்ள சாக்கன் தொழிற்பேட்டைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் புலம்புகிறார்கள். குடியிருப்புகளிலும் அந்தப் பயம் உண்டு. கேரளத்தில் தூக்காமலேயே வேடிக்கை பார்த்ததற்குக் கேட்ட ‘நோக்குக்கூலி’யை 2018 மே மாதம் அரசே தடைசெய்ய வேண்டியிருந்தது. இந்தப் பயத்தைத் தொழிலாளர் விரோதம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. ஆனால் பறிப்பவரிடம் ரசீது இருக்காது, பதிவு எண் இருக்காது. பதிவும் அறிவித்த கூலியும் வாசலிலேயே ஒட்டியிருந்தால், வந்து நிற்பவர் தொழிலாளியா தாதாவா என்று காவலாளிக்கே தெரிந்துவிடும். யாரை அழைப்பது என்ற உரிமை குடியிருப்பவரிடமே இருக்கட்டும். அழைக்கப்பட்டவர் பதிவு பெற்றவராக இருந்தால் போதும்.

செலவு கூடுமே என்பவர்களுக்கு: கூடும். பட்டைவார், சக்கரப் பலகை, படியேறும் தள்ளுவண்டி, பிடிப்புள்ள காலணி, தீர்வை எல்லாம் சேர்ந்தால் சீட்டில் சில வரிகள் கூடத்தான் செய்யும். சியோல் நகரில் அடுக்குமாடி வீடு மாறினால் ஏணி பொருத்திய லாரி ஒன்று வந்து, ஜன்னல் வழியாகவே சாமானை மேலேற்றி இறக்கும். அங்கே அது அன்றாடக் காட்சி. புணேயில் அதற்கு முதலீடு செய்ய யாருக்கும் மனம் வராததன் காரணம் வெளிப்படை: ஏணி லாரியைவிட நான்கு பேரின் இடுப்பு மலிவாகக் கிடைக்கிறது.

ஏப்ரலில் அடுத்த கூட்டம் தொடங்கும். அதற்கு முன்பே மாநிலக் கூட்டுறவுத் துறையும் தொழிலாளர் துறையும் ஒன்றாக உட்கார்ந்து 79ஏ ஆணையை எழுதி முடிக்கட்டும். அதுவரை லிஃப்ட் பலகையை மாற்ற எந்த ஆணையும் தேவையில்லை. சங்கச் செயலாளர் ஒருவரின் கையெழுத்து போதும்.