ஆத்தா மனு எழுத மாட்டாள்

கோவில்பட்டியில் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் ஒரு தான செட்டில்மெண்ட் என்று சொன்னால் போதும், அவர் கை தானாக ஓடும். மகன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இன்ன சர்வே எண்ணில் உள்ள மானாவாரிப் புஞ்சையை எழுதிக் கொடுப்பதாக வரிகள் விழும். நான்கெல்லை, வண்டிப்பாதை, கிணற்றுப் பாத்தியம், ஓரத்து வேப்பமரம் எல்லாம் வந்துவிடும். எழுதிக் கொடுக்கிற ஆத்தாவுக்குக் கடைசிவரை யார் கஞ்சி ஊற்றுவது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் வராது. அதைக் கேட்க அவளுக்கு வாய் வராது. கேட்டால் பெற்ற மகனைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குகள் போயிருக்கின்றன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்க்காமல் விட்டால் செல்லாததாக்கலாம் என்கிறது அதன் 23ஆவது பிரிவு. அப்படியொரு நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், ஊர்மிளா தீட்சித் வழக்கில், முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: அன்பு என்று எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது. அருமையான தீர்ப்பு. ஆனால் நீதிபதிகள் ஊகித்துச் சொல்ல வேண்டியதை நாடாளுமன்றம் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டிருக்கலாம்.

எழுத ஒரு வாய்ப்பும் வந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. மாத ஜீவனாம்சத்துக்கு 2007இல் போட்ட 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்குவது, மருமகனையும் மருமகளையும் பொறுப்பாளிகளாக்குவது, வீட்டுக்கு வந்து பராமரிக்கும் சேவை நிறுவனங்களை முறைப்படுத்துவது என்று பலதும் அதில் இருந்தன. நிலைக்குழுவுக்குப் போனது, 2021இல் அறிக்கையும் வந்தது. 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்பதை ஆறு மாதம் வரை ஆக்கவும் அந்த மசோதா முயன்றது. அதனால் கரிசல்காட்டு ஆத்தாவுக்கு என்ன லாபம்? பராமரிப்புக் கேட்டுக் கொடுக்கும் மனு மகனை ஜெயிலுக்கு அனுப்பும் என்று தெரிந்தால் அவள் அதில் கைநாட்டு வைக்கவே மாட்டாள். இந்த ஊர்ப்பக்கம் மகனின் பிழைப்பும் அப்படியொன்றும் கொழுத்ததில்லை. மழை பொய்த்தால் உளுந்தும் மிளகாயும் கைவிடும். ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவார்கள், பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். ஆத்தா படுத்த படுக்கையானால் புரட்டிப்போட, கழுவிவிட, கஞ்சி புகட்ட ஓர் ஆள் வேண்டும். மருமகள் வேலையை விட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தக் கூலிக்குச் சட்டத்தில் கணக்கில்லை. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், நாளுக்கு 40. அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200.

படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குடும்பமே சாகடிக்கும் பழக்கத்துக்குத் தென் மாவட்டங்களில் வழங்கும் ‘தலைக்கூத்தல்’ என்ற சொல்லைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் அதிர்ந்துபோவார்கள். தேசிய விருது வாங்கிய ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது. சட்டப்படி அது கொலை, அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ள அரசு ஓர் ஆளைக்கூட அனுப்பாத வீட்டில்தான் அந்த எண்ணம் முளைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், உதவி தேவைப்படுவதுபோல் தெரியும் எவருடைய தேவையையும் உள்ளாட்சி மன்றமே மதிப்பிட வேண்டும் என்கிறது. பார்த்துக்கொள்கிறவரின் தேவையையும் கேட்கச் சொல்கிறது. பணத்துக்கு அங்கேயும் ஓயாத தகராறுதான். என்றாலும் முதல் அடியை எடுத்துவைப்பது அரசு. மனு எழுதுகிற வேலை கிழவிக்கு இல்லை.

நம் சட்டத்திலும் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது, யாரும் திறப்பதில்லை. ஐந்தாவது பிரிவின்படி, பராமரிப்பு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் யாரும் மனுக் கொடுக்காமலே, தானாக முன்வந்து விசாரிக்கலாம். கோவில்பட்டியில் அந்தத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர்தான், ஊர் வழக்கில் ஆர்.டி.ஓ. எந்தத் தெருவில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது 2021 முதல் வீடு வீடாகப் போகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களுக்குத் தெரியும். முதியவர் சம்மதித்தால் அந்த விவரம் ஆர்.டி.ஓ.வுக்குப் போகட்டும். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு தாலுகா ஆபீஸ்களில் வருஷா வருஷம் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறது. பட்டா மனுக்களுக்கு நடுவே ஒரு மேசையை இதற்கும் போட்டு, மகனையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாம். யாரால் பணம் தர முடியும், யாரால் ஆள் தர முடியும், எது அரசு தர வேண்டியது என்று அங்கேயே பிரித்துவிடலாம்.

இதற்கு டெல்லியில் புது மசோதா வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஜமாபந்தியிலேயே தொடங்கலாம்.