சினிமாவில் டாக்டர் தோற்கலாம்... வீட்டில்?

பேய்ப் படம் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த பங்களா, பூட்டிக் கிடக்கும் அறை, நடுராத்திரியில் கொலுசுச் சத்தம் எல்லாம் இருக்கும். இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. நானும் ரசித்துப் பார்க்கிறவன்தான்.

என் சண்டை ஒரே ஒரு காட்சியோடு. வீட்டுப் பெண் திடீரென்று குரல் மாறிப் பேசுவாள். டாக்டர் வருவார், நாடி பார்ப்பார், ஊசி போடுவார், கையை விரித்துவிட்டுப் போவார். அடுத்த காட்சியில் வேப்பிலையோடு மந்திரவாதி! 1973-ல் வந்த 'தி எக்ஸார்ஸிஸ்ட்' ஆங்கிலப் படத்திலும் இதே கதைதான். சிறுமிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, பேயோட்டிப் பார்க்கலாமே என்று டாக்டர்களே யோசனை சொல்கிறார்கள்.

2005-ல் வந்த 'சந்திரமுகி' இதைக் கொஞ்சம் மாற்றியது. கங்காவுக்கு வந்திருப்பது மனநோய் என்றது. குணப்படுத்தவும் ஒரு மனநல டாக்டர் வந்தார். பாராட்டலாம். ஆனால் அங்கேயும் ஒரே ராத்திரியில் நோய் பறந்துவிடுகிறது! நிஜத்தில் மாதக்கணக்கில் மருந்து வேண்டும், வீட்டாருக்குப் பொறுமை வேண்டும்.

'சினிமாதானே சார், விடுங்க' என்பீர்கள். எப்படி விடுவது? சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய், பிரசவமாகி மூன்று வாரமே ஆன மகளை என்னிடம் கூட்டி வந்தார். பெண் தூங்கவில்லை, தனக்குத்தானே பேசுகிறாள், குழந்தையைத் தொட மறுக்கிறாள். 'படத்துல வர்ற மாதிரியே பேசுறா சார், ஏதோ பிடிச்சிருக்கு' என்றார். தாயத்து, விபூதி என்று இரண்டு வாரம் வீணாகியிருந்தது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். சில மாதங்களில் தேறிவிட்டாள்.

பேய், பூதம் பற்றிய பேச்சு எங்கள் சித்த மருத்துவ நூல்களிலும் இல்லாமல் இல்லை. ஆனால் மனம் பேதலிப்பதைக் 'கிரிகை' என்று ஒரு நோயாகவே வைத்து, மருந்தும் சொல்லியிருக்கிறார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். குணமாகும் என்று நம்பி வீட்டார் கொண்டுபோய் விட்டவர்கள்தான். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது.

கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்டு, பேச்சு மாறினால் முதல் வேலையாக மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' இலவசமாக ஆலோசனை தருகிறது. படத்தில் பேயை மூன்று மணி நேரம் விட்டு வைக்கலாம். வீட்டில் நோயை ஒரு நாள்கூட விட்டு வைக்காதீர்கள்.