பக்கத்தில் நின்றவரும் பதில் சொல்ல வேண்டியவரும்

ஒருவர் கைதான செய்தி டி.வி.யில் ஓடத் தொடங்கியதுமே, அவர் யார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார் என்ற தேடல் ஆரம்பமாகிவிடுகிறது. கல்யாண வீடோ, கும்பாபிஷேகமோ, நிவாரணம் கொடுத்த மேடையோரமோ, எங்கோ எடுத்த படம் ஒன்று சிக்கும். தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஐ.டி. விங் சுற்றுக்கு விட்டுவிடும். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அதுவும் ஒரு பழைய ஆல்பத்தைப் புரட்டும்.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கிலும் இதுவே நடந்தது. பிடிபட்டவர் தி.மு.க. பிரமுகர்களோடு இருக்கும் படங்கள் வெளிவந்தன. கட்சிக்காரரே இல்லை என்றது தி.மு.க. 2025 ஜனவரி 8 அன்று சட்டமன்றத்தில் பேசிய முதல்வர் மு.க.ஸ்டாலின், அவர் உறுப்பினர் அல்ல, ஆதரவாளர்தான் என்றார். உறுப்பினரா, அனுதாபியா என்ற ஆராய்ச்சியால் அந்த மாணவிக்கு ஆகப்போவது என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். பிடிபட்டவர் போனில் யாரையோ ‘சார்’ என்று அழைத்ததாகப் புகாரில் இருந்ததை வைத்து, அ.தி.மு.க.வினர் ‘யார் அந்த சார்?’ என்று பேட்ஜ் குத்திக்கொண்டு சபைக்கு வந்தார்கள். ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கூடாது என்றது. தண்டனை பெற்றவர் அந்த ஒருவரே.

இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போன குற்றம் இன்னொன்று உண்டு. மாணவியின் விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பரவியது. தொழில்நுட்பக் கோளாறு என்றது காவல்துறை. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே நிருபர்களிடம் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அன்றைய அ.தி.மு.க. அரசுக்குச் சொன்னதும் 25 லட்சம்தான். ஆட்சி மாறியது, தொகைகூட மாறவில்லை.

கட்சித் தொடர்பைப் பேசவே கூடாது என்பதல்ல. பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் அண்ணனைத் தாக்கிய வழக்கில் அ.தி.மு.க. நிர்வாகி ஒருவர் சிக்கினார். அந்தக் கட்சியின் மாணவரணி நிர்வாகி இன்னொருவர், 2025 மே 13 அன்று சாகும்வரை ஆயுள் தண்டனை பெற்ற ஒன்பது பேரில் ஒருவர். இவர்கள்மீது வழக்கு வந்தது செய்த காரியத்துக்காக. கரை வேட்டிக்காக அல்ல. புகார் கொடுத்தவரை மிரட்டினாரா, ஸ்டேஷனுக்கு போன் போட்டாரா, பதவியைக் காட்டி வழக்கை இழுத்தடித்தாரா என்று கேட்டால் அமைச்சரானாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பூங்கொத்து வாங்கிய படத்துக்கு அவர் சொல்லக்கூடியது, ‘தினம் நூறு பேர் வருகிறார்கள்’ என்ற ஒரே பதில்தான். அதோடு விவாதமும் முடிந்துபோகும். ஆளும் தரப்புக்கு இதைவிட வசதி ஏது?

எஃப்.ஐ.ஆர். வெளியே போன அன்று அதற்குப் பொறுப்பான அதிகாரி யார், இரண்டு வழக்கிலும் அந்த 25 லட்சத்தில் ஒரு ரூபாயாவது தவறு செய்தவரின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டதா என்பதை அடுத்த கூட்டத்தொடரில் எதிர்க்கட்சிகள் கேட்கட்டும். பொள்ளாச்சிக்கு அ.தி.மு.க.வும், அண்ணா பல்கலைக்கழகத்துக்கு தி.மு.க.வும் பதில் வைத்திருக்க வேண்டும்.